சந்தேகத்தை யார் தலையில் கட்டுவது?

ஸ்கேனர் திரையில் ‘பி 0201’ என்று வந்ததும் பல ஒர்க்‌ஷாப்புகளில் தீர்ப்பு எழுதியாகிவிடுகிறது: முதல் சிலிண்டர் இன்ஜெக்டர் போச்சு, மாற்றிவிடலாம். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் தொழில் பரவிக் கிடக்கும் வட்டாரத்திலும் இதே கதைதான். நாட்டில் வேறு எங்கே வண்டியை விட்டாலும் இதே கதைதான். திரையில் எண் வந்தது உண்மை. வண்டி மிஸ்ஸிங் அடிப்பதும் உண்மை. இன்ஜெக்டர் போய்விட்டது என்பதை மட்டும் இன்னும் யாரும் பார்க்கவில்லை.

பார்த்ததற்கும் சொன்னதற்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியைத் தத்துவம் நெடுங்காலமாகக் கிளறிக்கொண்டிருக்கிறது. ஒன்றைக் காட்டி ‘இதுதான் காரணம்’ என்று சொல்லும் உரிமை ஒருவருக்கு எப்போது வருகிறது? வேலூர் வட்டாரத்தின் வரலாறு இதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கவைக்கிறது. அந்த உரிமை வரும்வரை, தெரியாமைக்கான செலவை யார் ஏற்க வேண்டும்?

முதலில் இன்ஜினுக்குள் நடப்பதைப் பார்த்துவிடலாம். இன்ஜெக்டர் என்பது மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு சின்ன வால்வு. உள்ளே இருக்கும் காயிலில் மின்னோட்டம் பாய்ந்தால் ஊசி மேலே எழும்பி பெட்ரோலைத் தூவும். நின்றால் ஸ்பிரிங் ஊசியை அழுத்தி மூடிவிடும். ஐடிலில் இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றுகிறது என்றால், ஒவ்வொரு இன்ஜெக்டரும் அந்த ஒரு நிமிடத்தில் 400 முறை திறந்து மூட வேண்டும். ஒவ்வொரு முறையும் திறந்திருப்பது சில மில்லி செகண்டுதான். சாவியை ஆன் செய்ததும் ஃப்யூஸ், ரிலே வழியாக 12 வோல்ட் சப்ளை காயிலின் ஒரு முனைக்கு வந்து நிற்கும். மறுமுனை ஈசிஎம் என்கிற கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போகும். பெட்டி அந்த முனையை எர்த்தோடு சேர்க்கிற நேரத்தில் வால்வு திறக்கும், விட்டால் மூடும்.

பெட்டிக்குத் தெரிவதெல்லாம் தன் முனையில் நிற்கும் வோல்டேஜ் மட்டும். எர்த்தை விட்ட நேரத்தில் அங்கே பேட்டரி வோல்டேஜ் இருக்க வேண்டும். சேர்த்த நேரத்தில் அது பூஜ்யத்துக்கு அருகே இறங்க வேண்டும். அப்படி நடக்காவிட்டால் பி 0201 என்று குறித்துக்கொள்கிறது. சப்ளை வயர் அறுந்திருந்தாலும் இப்படித்தான் ஆகும். கப்ளருக்குள் முனை பச்சை பூத்திருந்தாலும், காயில் உள்ளே விட்டுப்போயிருந்தாலும், காயிலிலிருந்து பெட்டிக்கு வரும் வயரை எலி கடித்திருந்தாலும், பெட்டிக்குள் இருக்கும் டிரான்சிஸ்டரே செத்திருந்தாலும் அதே எண்தான் வரும். ஐந்து பேரில் யார் குற்றவாளி என்று பிரித்துச் சொல்ல பெட்டிக்கு வழியே இல்லை. இன்ஜெக்டரின் வாயில் அழுக்கு அடைத்து பெட்ரோல் வராமல் போனால் இந்த எண் வராது என்பதையும் கவனிக்க வேண்டும். காயில் நன்றாக இருக்கிறதே, மின்சாரத்தின் கணக்கில் குறையில்லை.

எண்ணைப் பார்த்ததும் தீர்ப்பு எழுதும் இந்தத் தவற்றைத் தமிழ்த் தருக்கம் வெகு காலத்துக்கு முன்பே அடையாளம் கண்டு வைத்திருக்கிறது. பாலாற்றங்கரை நாடான காஞ்சியில்தான் மணிமேகலை அறவண அடிகளிடம் பௌத்த தருக்கம் கேட்கிறாள். காப்பியத்தின் 29ஆம் காதை அது. இம்மலையில் நெருப்பு உண்டு என்பது நிறுவ வேண்டிய செய்தி. புகை இருக்கிறது என்பது ஏது. அடுக்களை அதற்கு எடுத்துக்காட்டு. இவ்வளவும் சரியாக அமைந்தால் கருத்து நிற்கும். அதன் பிறகு அறவண அடிகள் வெகு நேரம் எடுத்துச் சொல்வது, ஏதுவைப் போலத் தோற்றமளித்து ஏமாற்றும் ஏதுப்போலிகளைத்தான். அவற்றில் ஒரு வகை அநைகாந்திகம். நிறுவ வேண்டியது இருக்கும் இடத்திலும் காணப்படும், இல்லாத இடத்திலும் காணப்படும் ஏது அது. அதை வைத்துக்கொண்டு எந்தப் பக்கமும் முடிவு சொல்ல முடியாது. இன்ஜெக்டர் கெட்ட வண்டியிலும் வரும், இன்ஜெக்டர் நன்றாக இருந்து வயர் அறுந்த வண்டியிலும் வரும் பி 0201 அசல் அநைகாந்திகம்.

அதற்கு முன்பே, பல சமயத்தவரும் தத்தம் கொள்கையைச் சொல்லும் 27ஆம் காதையில், அளவைவாதி அறிவுக்குரிய வழிகள் பத்தை வரிசைப்படுத்துகிறான். கூடவே, அறிவு போலத் தோன்றி அறிவாகாத எட்டையும் சொல்கிறான். அந்த எட்டில் ஐயமும் உண்டு, தேராது தெளிதலும் உண்டு. இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்தது ஆழமான செயல். சந்தேகத்திலேயே உழன்றுகொண்டிருப்பது ஒரு குறை. ஆராயாமல் தெளிந்துவிடுவது இன்னொரு குறை. ஒர்க்‌ஷாப்பில் இந்த இரண்டாவது குறைக்குத்தான் விலை அதிகம், அந்த விலையைக் கொடுப்பவர் தெளிந்தவர் அல்ல. இன்ஜெக்டரை மாற்றியும் மிஸ்ஸிங் நிற்காவிட்டால் அடுத்து வயரிங், அதற்கடுத்து ஈசிஎம் என்று பில் ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொரு தவறான தெளிவுக்கும் வண்டிக்காரர் பணம் கட்டுகிறார்.

தேர்ந்து தெளிவது எப்படி இருக்கும்? கைதேர்ந்த மெக்கானிக் ஒருவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் புரியும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜெக்டர் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொள்கிறார். வேலை செய்யும் இன்ஜெக்டர் டிக், டிக், டிக் என்று தட்டும். முதலாவதில் சத்தமில்லை, இரண்டு, மூன்று, நான்கில் இருக்கிறது. இதுவரை அவருக்குத் தெரிந்தது ஊசி அசையவில்லை என்பது மட்டும். இன்ஜினை நிறுத்துகிறார். கப்ளரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, சப்ளை முனையில் டெஸ்ட் லாம்பை வைக்கிறார். எரிந்தால் ஒரு சந்தேக நபர் விடுதலை. பிறகு மல்டிமீட்டரை இன்ஜெக்டரின் இரு முனைகளில் வைக்கிறார். சாதாரண பெட்ரோல் காரின் இன்ஜெக்டர் பெரும்பாலும் 12 முதல் 16 ஓம் காட்டும். மீட்டர் எண்ணே காட்டாவிட்டால் காயில் விட்டுப்போயிருக்கிறது.

மீட்டர் 13 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். காயில் நிரபராதியா? அவசரப்படக் கூடாது. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடுகிறது. 20 டிகிரியில் 12 ஓம் இருந்த காயில் 100 டிகிரியில் 16 ஓமை நெருங்கும். மயிரிழையில் ஒட்டிக்கொண்டிருக்கும் கம்பி, சூட்டில் விரிந்து விலகிவிடவும் கூடும். வேலூரின் கத்திரி வெயிலில் பகல் முழுக்க அடம்பிடித்த வண்டி, காலையில் ஷெட்டுக்கு வந்ததும் ஒழுங்காக ஓடுவதற்கு இப்படியும் காரணம் இருக்கலாம். அதனால்தான் நல்ல மெக்கானிக் இன்னொரு சோதனை செய்கிறார். முதல் சிலிண்டரின் இன்ஜெக்டரைக் கழற்றி இரண்டாவதிலும், இரண்டாவதை முதலாவதிலும் பொருத்துகிறார். பழைய எண்ணை அழித்துவிட்டு, சூடேறும்வரை வண்டியை ஓட்டுகிறார். பி 0202 என்று எண் மாறினால், பழுது இன்ஜெக்டரோடு சேர்ந்தே இடம்பெயர்ந்திருக்கிறது. பி 0201 என்றே நின்றால் இன்ஜெக்டர் குற்றமற்றது. வயரையோ பெட்டியையோ பார்க்க வேண்டும்.

நியாய மரபு இதை அன்வயம், வியதிரேகம் என்று பிரித்துச் சொல்லும்: இது இருந்தால் அது இருக்கிறதா, இது இல்லாவிட்டால் அதுவும் இல்லையா என்று இரு பக்கமும் பார்ப்பது. ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இல் வெளியிட்ட தருக்க நூலிலும் காரணத்தைக் கண்டுபிடிக்கும் முறைகளாக இதற்கு நெருக்கமானவற்றையே வகுத்தார். இந்தச் சோதனையின் சிறப்பு, அது மெக்கானிக்கைப் பொய்யாக்கிவிடக்கூடியது என்பதுதான். எண் எங்கே வரும் என்பதை அவர் தீர்மானிக்க முடியாது. தன் ஊகத்தை உடைத்துவிடும் ஒரு கேள்வியை அவரே வண்டியிடம் கேட்கிறார். பதில் எதுவானாலும் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறார்.

இதற்குச் செலவு உண்டு. சில இன்ஜின்களில் இன்ஜெக்டரைத் தொடவே மேலே இருக்கும் மானிஃபோல்டைக் கழற்ற வேண்டும். பெட்ரோல் அழுத்தத்தை இறக்க வேண்டும். ஓ-ரிங் புதிதாகப் போட வேண்டும். அரை நாள் கூலி போகலாம். நேராகப் புது இன்ஜெக்டரைப் போட்டால் அந்த நேரம் மிச்சம். சந்தேகத்தின் விலை மட்டும் வண்டிக்காரர் தலைக்கு மாறிவிடும். சோதனை செய்வதா வேண்டாமா என்பது தொழில்நுட்ப முடிவு போலத் தெரிந்தாலும், ஒரு தெரியாமையை யார் சுமப்பது என்ற அற முடிவு அது.

புது இன்ஜெக்டர் போட்டு வண்டி சரியாகிவிட்டால் என்ன? அப்போதும் ஒரு கண்ணி காத்திருக்கிறது. இன்ஜெக்டரை மாற்ற வேண்டுமானால் கப்ளரைக் கழற்றி மறுபடி செருகித்தான் ஆக வேண்டும். அப்படிச் செருகும்போது முனைகள் ஒன்றோடொன்று உரசி, மேலே படிந்திருந்த பச்சை கொஞ்சம் தேய்ந்துபோகும். தொடர்பு திரும்ப வந்துவிடும். பச்சைத் தோலை உப்பில் பதப்படுத்தி லாரி லாரியாக ஏற்றிவரும் வட்டாரம் இது. உப்பு ஈரம் பட்ட செம்பு சீக்கிரம் பச்சை பூக்கும். மெக்கானிக் மாற்றியது இன்ஜெக்டரை, சரியானது கப்ளர். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இதுதான். சில மாதங்களில் பச்சை மறுபடி படியும், மிஸ்ஸிங் மறுபடி வரும், புது இன்ஜெக்டரே மட்டம் என்று பழி சுமத்தப்படும். இதைத் தவிர்க்க வழி ஒன்று உண்டு. கழற்றிய பழைய இன்ஜெக்டரை அதே இடத்தில் மறுபடி போட்டு, பழுது திரும்ப வருகிறதா என்று பார்ப்பது. குணமானதே காரணத்துக்குச் சாட்சி ஆகாது. பழுதை வேண்டும்போது வரவழைக்கவும் வேண்டும்போது போக்கவும் முடிந்தால்தான் சாட்சி கிடைத்தது என்று சொல்லலாம்.

அப்போதுகூட முழுச் சாட்சி கிடைத்ததா என்று கேட்டவர் இமாம் கஸ்ஸாலி. 1111இல் மறைந்த அவர், தத்துவவாதிகளை மறுத்து எழுதிய ‘தஹாஃபுத் அல்-ஃபலாஸிஃபா’ என்ற நூலின் பதினேழாவது விவாதத்தில் பஞ்சையும் நெருப்பையும் எடுத்துக்கொள்கிறார். நெருப்பு பட்டது, பஞ்சு எரிந்தது. இரண்டும் சேர்ந்து நடந்ததைக் கண் பார்க்கிறது. நெருப்பு ‘எரித்ததை’ எந்தக் கண்ணும் பார்த்ததில்லை. எரிப்பவன் இறைவன், சேர்ந்து நடப்பது அவன் வைத்திருக்கும் வழக்கம் என்பது அவர் வாதம். அதே நூற்றாண்டில் ஸ்பெயினின் கொர்தோபாவில் பிறந்த இப்னு ருஷ்த் இதற்கு மறுப்பு எழுதினார். பொருள்களுக்குக் காரணத் தன்மை இல்லை என்றால் அறிவு என்ற ஒன்றே இல்லாமல் போகும் என்றார் அவர்.

இறைக் கோட்பாட்டுக் கல்விக்கு இந்த வட்டாரத்தில் நெடிய மரபு உண்டு. வேலூரில் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கப்பட்ட பாகியாத்துஸ் ஸாலிஹாத் அரபிக் கல்லூரியில் படித்து ‘பாகவி’ பட்டத்தோடு திரும்பிய ஆலிம்களைத் தமிழகத்திலும் கேரளத்திலும் ஊர் ஊராகப் பார்க்கலாம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஊர்களின் தோல் வணிகத்தைக் கட்டி எழுப்பியதில் முஸ்லிம் குடும்பங்களின் பங்கு பெரியது. கஸ்ஸாலி இங்கே வெளியூர்க்காரர் அல்ல.

கஸ்ஸாலியை ஏற்றுக்கொண்டால் மெக்கானிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதானா? இல்லை. வழக்கத்தை நம்பி வாழ்வதை அவர் தடுக்கவில்லை. வீட்டில் வைத்துவிட்டு வந்த புத்தகம் திரும்பிப் போவதற்குள் வேறொன்றாக மாறியிருக்குமோ என்று யாரும் அஞ்ச வேண்டாம், வழக்கம் மாறாது என்ற அறிவையும் இறைவனே தந்திருக்கிறான் என்கிறார். அவர் தடுப்பது மனிதரின் இறுமாப்பை. கண்டது சேர்க்கை மட்டும். காரணம் என்பது அதன் மேல் நாம் கட்டிய கருத்து. இதை மறக்காதவர் கருத்தைக் கட்டுவதற்கு முன் ஒன்றுக்கு இரண்டு முறை சோதிப்பார். சோதித்த பிறகும் ‘இவ்வளவுதான் பார்த்தேன்’ என்று அளவோடு பேசுவார். கஸ்ஸாலியின் பணிவும் இப்னு ருஷ்தின் பிடிவாதமும் ஒர்க்‌ஷாப்பில் ஒருவருக்கே வேண்டியவை.

தேராது தெளிந்ததற்கு மனிதர்கள் உடம்பாலேயே விலை கொடுத்த வரலாறும் வேலூரில்தான் திருத்தப்பட்டது. 1914இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த பால் பிராண்ட், லண்டனில் அறுவை மருத்துவம் படித்து, 1946இல் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்தார். வந்த புதிதில் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குப் போனவர், கை மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். பிடி வலி எடுக்கும் அளவுக்கு இறுகியது. செத்துப்போன கை என்று உலகம் நினைத்திருந்த கையில் தசை உயிரோடு இருந்தது.

தொழுநோய் வந்தால் சதை அழுகி விரல் உதிர்ந்துவிடும் என்பது அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்த ‘உண்மை’. நோய்க் கிருமியை 1873இல் நார்வேயின் ஹான்சன் கண்டுபிடித்துவிட்டார். ஆகவே காரணமும் கிடைத்துவிட்டது என்றே மருத்துவ உலகமும் நினைத்தது. பிராண்ட் விரலுக்கும் கிருமிக்கும் நடுவே என்ன நடக்கிறது என்று தேடினார். ஒருநாள் துருப்பிடித்த பூட்டைத் திறக்க முடியாமல் அவர் திணறியபோது, ஒரு சிறுவன் சாவியை வாங்கி ஒரே திருகாகத் திருகிவிட்டான். அவன் விரலைப் பார்த்தால், சாவி எலும்பு தெரியும்வரை கிழித்திருந்தது. அவனுக்குத் தெரியவேயில்லை. நோயாளிகள் சிலருக்கு இரவில் படுத்தபோது இருந்த விரலின் ஒரு பகுதி காலையில் காணாமல் போயிருந்தது. விழித்திருந்து கண்காணித்தபோது, தூங்குபவரின் விரலை எலி வந்து கடிப்பது தெரிந்தது. வலி இல்லாததால் யாரும் விழிக்கவில்லை. வீட்டுக்குப் போகும் நோயாளிகளோடு பூனையையும் கொடுத்தனுப்பும் ஏற்பாடு அதன் பிறகு வந்தது.

கிருமி நரம்பைக் கொல்கிறது. நரம்பு போனதால் வலிச் செய்தி மூளைக்கு வருவதில்லை. செய்தி வராததால் அன்றாடக் காயங்கள் கவனிக்கப்படாமல் பெருகுகின்றன. பாதுகாத்தால் அந்தச் சதையும் மற்றவர் சதையைப் போலவே ஆறுகிறது. சதையில் குற்றமில்லை, செய்தி கொண்டுவரும் தடம் அறுந்திருந்தது. இந்தத் தெளிவிலிருந்து கை அறுவைகளும், மைக்ரோசெல்லுலார் ரப்பர் வைத்த மெத்தென்ற செருப்புகளும், 1955இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்தின் பணியும் கிளைத்தன. வலியைக் கடவுளின் கொடை என்று பிராண்ட் கடைசிவரை சொல்லிவந்தது மேடைப் பேச்சுக்காக அல்ல. வலி இல்லாதவர்களின் கைகளை ஆண்டுக்கணக்கில் தொட்டுப் பார்த்தவர் அவர்.

காரணம் என்பது ஒற்றைப் புள்ளி அல்ல, சங்கிலி என்பதையும் இந்த வரலாறு காட்டுகிறது. விரல் போனதற்குக் காரணம் கிருமி என்பதும் சரி, நரம்பு என்பதும் சரி, எலி என்பதும் சரி. வயரைக் கடித்த எலியை விட்டுவிட்டு வயரை மட்டும் மாற்றும் மெக்கானிக்கும், மழைநீர் உள்ளே போகும் கிழிந்த ரப்பரை விட்டுவிட்டுக் கப்ளரை மட்டும் சுத்தம் செய்பவரும் சங்கிலியில் ஒரு கண்ணியைத் தொட்டவர்கள்தான். எந்தக் கண்ணியைப் பிடித்தால் அதே துன்பம் திரும்ப வராதோ அதுவரை போக வேண்டும். அங்கே போகாமல் நின்றுவிட்ட காலமெல்லாம் அதன் செலவை ஏற்றவர்கள் நோயாளிகள்: அழுகும் உடம்பு என்ற பழி, ஊர்விலக்கு, வேலை இழப்பு.

ஒர்க்‌ஷாப்பில் இன்ஜெக்டரை இடம் மாற்றிப் பார்க்கலாம். மருத்துவமனையில் இரவெல்லாம் விழித்திருந்து பார்க்கலாம். ஆற்றில் என்ன செய்வது?

வேலூர் வட்டாரத்தின் வழியே ஓடும் பாலாற்றின் படுகையில் கிணறுகள் உப்புக் கரித்தபோது விவசாயிகள் தோல் பதனிடும் டேனரிகளைக் காட்டினார்கள். தோலில் இருந்து உதறிய உப்பும், பதனிடும்போது வரும் குரோமியமும் சல்ஃபைடும் கலந்த கழிவு நீர் ஆற்றிலும் நிலத்திலும் விடப்பட்டது கண்கூடு. ஆனால் எந்தத் தொழிற்சாலையின் உப்பு எந்தக் கிணற்றுக்கு வந்தது? இத்தனை நூறு டேனரிகளில் ஒன்றை மட்டும் நிறுத்தி, ஓர் ஆண்டு கழித்துக் கிணற்றைச் சுவைத்துப் பார்க்க முடியுமா? அன்வயமும் வியதிரேகமும் செய்ய முடியாத இடம் இது. வழக்கமான சட்ட மரபில் குற்றம் சாட்டுபவர்தான் நிரூபிக்க வேண்டும். அந்த மரபை அப்படியே வைத்தால், நிரூபிக்க முடியாத ஒவ்வொரு சந்தேகமும் கிணற்றுக்காரர் தலையில்தான் விழும்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. தோல் தொழில் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டது என்ற கணக்கு அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. முன்னெச்சரிக்கைக் கொள்கையையும், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையையும் இந்தியச் சட்டத்தின் பகுதியாக நீதிமன்றம் அறிவித்தது. கூடவே நிரூபிக்கும் சுமையை மாற்றி வைத்தது. தன் தொழில் சூழலுக்குக் கேடு செய்யாது என்று தொழில் நடத்துபவரே காட்ட வேண்டும். சந்தேகம் தீரவில்லை என்றால் அதன் செலவு சந்தேகத்தை உண்டாக்கியவருடையது. தத்துவப் புத்தகங்களில் தீராத ஒரு கேள்விக்கு நடைமுறையில் ஒரு நியாயமான விடை அது.

அந்த வழக்கில் மன்றத்துக்காக வாதாடியவர் எம்.சி. மேத்தா. டெல்லியின் வாகனப் புகைக்கு எதிராக 1985இலிருந்து அவர் நடத்திவந்த இன்னொரு வழக்கில், 1999 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தலைநகர் வட்டாரத்தில் யூரோ தரங்களைக் காலக்கெடு வைத்துக் கட்டாயமாக்கியது. அந்தத் தரங்களை எட்டுவதற்காகவே கார்புரேட்டர் ஒதுங்கி, சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர் வைத்த எம்பிஎஃப்ஐ இன்ஜின்கள் இந்தியாவில் பரவின. மாருதி 800கூட 2000இல் அந்த வகைக்கு மாறியது. 2013இலிருந்து பழுதைத் தானே குறித்துக்கொள்ளும் ஓபிடி-2 ஏற்பாடும் கார்களில் கட்டாயமானது. ஆம்பூர் மெக்கானிக் இன்று கையில் எடுக்கும் ஸ்கேனருக்கும், அவர் ஊர் ஆற்றுக்காகச் சொல்லப்பட்ட தீர்ப்புக்கும் பின்னால் ஒரே வழக்கறிஞரின் உழைப்பு இருக்கிறது. இரண்டும் ஒரே நோக்கத்தில் பிறந்தவை: புகையையும் கழிவையும் வெளியே விடுபவர், அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டும்.

சுமையை மாற்றி வைத்ததோடு நீதி முடிந்துவிடவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தொழிற்சாலைக்கு வைக்கும் செலவு முதலாளியோடு நிற்பதில்லை. சுத்திகரிப்புக்கு முதல் போட முடியாத சிறிய டேனரி மூடினால், அங்கே தோல் சீவியவரின் கூலியும் நிற்கிறது. அந்தத் தொழிலாளி ஆற்றைக் கெடுக்க முடிவெடுத்தவர் அல்ல. அவருடைய பெண் ஆம்பூர் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்துக் குடும்பம் நடத்துபவராக இருக்கலாம். சுமையை ஏற்ற வேண்டிய பக்கம் எது என்று தீர்ந்த பிறகு, அந்தப் பக்கத்துக்குள்ளேயே அது யார் முதுகில் இறங்குகிறது என்ற கேள்வி புதிதாக எழுகிறது. மெக்கானிக் விஷயத்திலும் அப்படியே. சோதனைக்கான அரை நாள் கூலியை வண்டிக்காரர் கொடுக்க மறுத்தால், பட்டறை முதலாளி அதைக் கையாளின் கூலியில் பிடித்தால், தேர்ந்து தெளியும் மெக்கானிக் தன் நேர்மைக்குத் தானே பணம் கட்டியவர் ஆகிறார். வண்டியை விடுபவர் சோதனைக்குக் கூலி கொடுக்கவும், மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கவும், பில்லில் அளவீடுகளை எழுதித் தரச் சொல்லவும் பழக வேண்டும்.

பாலாற்று வழக்கு அதன் பிறகும் நீண்டது. 1996 தீர்ப்பை அடுத்து அமைந்த ஆணையம் 2001இல் 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு 26 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு நிர்ணயித்தது. அது முழுதாகப் போய்ச் சேரவில்லை; வழக்கு மறுபடி உச்ச நீதிமன்றம் ஏறியது. 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு தந்த தீர்ப்பில், பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு முதலில் கொடுக்க வேண்டும், பிறகு மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்ற வழி வகுக்கப்பட்டது. சேதத்தை ஆராய்ந்து ஆற்றை மீட்கும் வேலையைக் கவனிக்க ஒரு குழுவும் அமைக்கச் சொல்லப்பட்டது.

அரசு முதலில் கொடுப்பது என்பது சந்தேகத்தின் செலவைத் தற்காலிகமாக எல்லோருடைய தோளிலும் பகிர்ந்து வைப்பது. யார் எவ்வளவு கெடுத்தார்கள் என்று விசாரித்து முடியும்வரை கிணற்றுக்காரர் காத்திருக்க வேண்டியதில்லை. விசாரணையும் அவசரத்தில் தேராமல் தெளிய வேண்டியதில்லை. அந்த விசாரணை இனிமேல்தான் ஊர் ஊராக, கிணறு கிணறாக நடக்க வேண்டும். உப்பு, குரோமியம், ஆற்றின் நீரோட்டம், மணல் அள்ளியது, மழை பொய்த்தது என்று ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியே அளந்து எழுத வேண்டும். அளக்கப் போகிறவர்களுக்கு ஆய்வகமும் ஆட்களும் பணமும் தடையில்லாமல் கிடைக்கிறதா என்பதை வாணியம்பாடியிலிருந்து செங்கல்பட்டு வரை ஆற்றங்கரை ஊர்கள் ஒவ்வொரு கிராம சபையிலும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.